இரண்டு எண் அழிந்த பெட்டி

நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவன். கூட்டல் வரும். வாய்பாடு மூன்று வரைக்கும் சந்தேகம் இல்லாமல் வரும். அதற்கு மேல் யோசிக்க வேண்டும்.

வீடு திருத்தணியில், மலைக்குப் பின்பக்கம். வேலை, பாசஞ்சர் வண்டியில் கொஞ்ச தூரம் போனால் வரும் ஒரு கூட்ஸ் ஷெட்டில். மூட்டை இறக்குகிறேன். வடக்கிலிருந்து அரிசியும் கோதுமையும் சரக்கு வண்டியில் வரும். ஒரு வண்டிக்கு நாற்பத்திரண்டு பெட்டி. நாலு செட்டு ஆட்கள் பிரித்துக்கொள்வோம். எங்கள் செட்டில் முப்பது பேர். மேஸ்திரி என் அக்கா வீட்டுக்காரர். நான் பாவா என்று கூப்பிடுவேன்.

ஒவ்வொரு பெட்டியின் பக்கத்திலும் வெள்ளைப் பெயிண்டில் பதினோரு எண் எழுதியிருக்கும். மற்ற செட்டுக்காரர்கள் அதைப் பார்ப்பதில்லை. நாங்கள் பார்ப்போம். கதவைத் திறப்பதற்கு முன்னால் பதினோரு எண்ணையும் கூட்டுவோம். வந்ததை மறுபடி கூட்டுவோம். ஒற்றை எண் வரும்வரை கூட்டுவோம். எட்டு வந்தால் யாரும் ஏறமாட்டார்கள். எலுமிச்சம்பழத்தை அறுத்து சக்கரத்தடியில் வைப்போம். சூடம் ஏற்றி, அது அணைந்த பிறகு சீட்டுப் போட்டு ஒருவன் முதலில் ஏறுவான்.

இது விளையாட்டாக வந்த வழக்கம் இல்லை. பாவாவுக்கு ஒரு தம்பி இருந்தான். எங்களோடுதான் வேலை செய்தான். ஒரு நாள் கதவைத் திறந்த உடனே அடுக்கு சரிந்து மூட்டைகள் அவன் மேல் விழுந்தன. எடுப்பதற்குள் போய்விட்டான். அந்தப் பெட்டியின் எண்ணைக் கூட்டினால் எட்டு. காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து பாவா எண்ணைக் கூட்டாமல் கதவைத் தொடவிடுவதில்லை.

கூட்டிச் சொல்பவன் நான். வேகமாகக் கூட்டுவேன். இடது முழங்கையில் பேனாவால் எண்ணை எழுதி, ஒன்பதைக் கண்டால் விட்டுவிடுவேன். ஒன்பதைச் சேர்த்தாலும் கடைசியில் அதே எண்தான், சேர்க்காவிட்டாலும் அதே எண்தான். யாரும் சொல்லித்தரவில்லை. செய்து செய்து தெரிந்துகொண்டது. இன்னொன்றும் தெரிந்தது. ஒன்பது பெட்டி பார்த்தால் அதில் ஒன்று எட்டாக இருக்கும். சில நாள் இரண்டு, சில நாள் ஒன்றுமில்லை. நிறைய நாள் பார்த்தால் ஒன்பதுக்கு ஒன்றுதான். ஏழும் அப்படித்தான் வருகிறது. மூன்றும் அப்படித்தான். எட்டு தனியாக யாரையும் தேடி வருவதில்லை.

இதை நான் பாவாவிடம் சொல்லவில்லை. தம்பியைப் பறிகொடுத்தவரிடம் எப்படிச் சொல்வது.

ஆனால் பொய் சொல்ல ஆரம்பித்தேன்.

அதற்கும் காரணம் இருந்தது. ஒரு முறை எட்டு வந்தபோது சீட்டு ஒரு புது ஆளுக்கு விழுந்தது. பொண்டாட்டிக்கு அது ஒன்பதாவது மாதம். ஏறினான். கை நடுங்கியது. தலையில் வைத்த மூட்டை நழுவி அவன் காலிலேயே விழுந்தது. எலும்பு உடையவில்லை. எண் ஒன்றும் செய்யவில்லை, பயம்தான் செய்தது என்று எனக்குப் பட்டது. அதிலிருந்து நாலு எட்டு வந்தால் ஒன்றை மட்டும் சொல்வேன். மற்ற மூன்றையும் ஒன்பது என்பேன். ஒன்பது என்று பொய் சொன்ன பெட்டியில் நானே முதலில் ஏறுவேன். அது எனக்கு நான் போட்டுக்கொண்ட சட்டம். இரண்டு வருஷம் இப்படிப் போனது.

அன்றைக்கு எங்கள் பங்கில் ஏழாவது பெட்டி. எண்ணை முழங்கையில் எழுதினேன். கூட்டினேன். நாற்பத்துநாலு. நாலும் நாலும் எட்டு.

"இன்னா வந்துச்சி?" என்று பாவா கேட்டார்.

"ஒம்பது."

"ஏறுங்கடா, ஏறுங்கடா. இன்னிக்கி நல்ல நாளு. ஒரு எட்டு கூட வர்ல."

நான் முதலில் ஏறினேன். ஒன்றும் ஆகவில்லை. பாதி இறக்கியபோது என் கொக்கி கதவு இடுக்கில் விழுந்து தண்டவாளத்துக்குப் போய்விட்டது. மூட்டையைக் குத்தி இழுக்கிற கொக்கி. அது இல்லாமல் வேலை ஓடாது. இறங்கிப் பெட்டிக்கடியில் தவழ்ந்து போனேன்.

கொக்கி சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுக்கும்போது மேலே பார்த்தேன். சக்கரத்தைத் தாங்குகிற தடித்த இரும்புச் சட்டத்தில் ஒரு கோடு. அழுக்கு என்று நினைத்துத் துடைத்தேன். போகவில்லை. நகத்தை வைத்தேன். நகம் உள்ளே போனது. விரல் நீளத்துக்கு விரிசல். சுற்றிலும் துரு. விரிசலுக்குள் மட்டும் வெள்ளை வெளேரென்று பளபளத்தது. பழைய விரிசல் உள்ளேயும் துருப்பிடித்து இருக்கும். இது புதுசு. இன்னும் வளருகிறது.

"இன்னாடா அடில படுத்துகினு கீற?" பாவா குனிந்து பார்த்தார். "கொக்கிய தேடறியா, குடும்பம் நடத்தறியா?"

"வந்துட்டேன் பாவா."

"வா மேல. மூட்ட தானா எறங்காது."

சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்று மறைக்கப் போவதில்லை. விரிசல் என்றால் உடனே எல்லாரும் வந்து பார்ப்பார்கள். பாவா பெட்டி எண்ணைப் பார்ப்பார். அவரே கூட்டுவார். எட்டு வரும். ஒன்பது என்று சொன்னவன் நான். இரண்டு வருஷமும் வெளியே வந்துவிடும். அந்தப் பயம் விரிசல் பயத்தை விடப் பெரிதாக இருந்தது, அந்த நேரத்துக்கு.

வண்டி கிளம்புமுன் பெரிய ஆட்கள் யாராவது பார்ப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழங்கையில் இருந்த எண்ணை மட்டும் எச்சில் தொட்டு அழிக்கவில்லை. அடுத்த பெட்டிகளின் எண்களை உள்ளங்கையில் எழுதினேன்.

மத்தியானம் ஒரு மணிக்கு காலி வண்டி கிளம்பியது. ஏழாவது பெட்டி என்னைத் தாண்டிப் போனபோது நான் அதன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

எல்லாரும் குளித்துவிட்டுக் கிளம்பினார்கள். நான் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து பாசஞ்சருக்குக் காத்திருந்தேன். மூன்று மணி இருக்கும். ஒரு சரக்கு வண்டி நிற்காமல் போனது. பெஞ்சு ஆடியது. கால் வழியாக நடுக்கம் மேலே ஏறியது. ஒவ்வொரு சக்கரமும் போகும்போது அந்த வெள்ளைக் கோடு கண்ணில் தெரிந்தது. இந்த வேகத்தில் அது எவ்வளவு நேரம் தாங்கும்?

இந்தத் தண்டவாளத்தில்தான் என் மகள் தினமும் போகிறாள். சென்னைப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. சாயங்காலம் மின்சார வண்டியில் ஏறி ஆறரைக்குத் திருத்தணியில் இறங்குவாள். ஒரு லைனில் சரக்குப் பெட்டி சாய்ந்தால் பக்கத்து லைனில்தான் விழும்.

எழுந்து கூட்ஸ் ஆபீசுக்கு நடந்தேன்.

ஆபீசில் கிளார்க் அம்மா மட்டும் இருந்தார்கள். சின்ன வயசு. எங்கள் ஆட்களிடம் மரியாதையாகப் பேசுவார்கள். சொன்னேன். விரிசல், விரல் நீளம், நகம் போகிறது, உள்ளே வெள்ளை. அவர்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள்.

"காலைல பாத்தீங்க. இப்ப வந்து சொல்றீங்களாண்ணா?"

"ஆங் மேடம்."

அதற்கு மேல் அவர்கள் திட்டவில்லை. உடனே ஆபீஸ் போனை எடுத்தார்கள். வண்டிகளை எங்கிருந்தோ கட்டுப்படுத்துகிற கண்ட்ரோல் என்கிற இடத்துக்குப் பேசினார்கள். அங்கிருந்து ஒரு ஆண் குரல் எனக்கே கேட்டது.

"அந்தக் காலி வண்டி ஜங்ஷன்லயே பிரிஞ்சி போச்சும்மா. மூணு வண்டில கோத்திருக்காங்க. மூணுமே கெளம்பிடுச்சி. மூணையும் நிறுத்தினா லைனே நின்னுடும். எந்தப் பெட்டின்னு சொல்லுங்க, அந்த வண்டிய நிறுத்தறேன். முழு நம்பர் வேணும்."

"நம்பர் இருக்காண்ணா?"

முழங்கையை நீட்டினேன்.

3 2 4 7 1 5, அதற்குப் பிறகு நீலமாக ஒரு தீற்றல், அதற்குப் பிறகு 3 1 3. நடுவில் இரண்டு எண் இல்லை. வியர்வையும் சாக்கும் சேர்ந்து தேய்த்துவிட்டன.

"பட்டியல்ல பாக்கலாமே மேடம்?"

"பட்டியல் அந்த வண்டியோட கார்டுகிட்ட போய்டுச்சி. கம்ப்யூட்டர்ல பாக்கணும்னா காலைலேர்ந்து நெட் இல்ல. அங்க கேட்டா, முழு நம்பர் போட்டாத்தான் எந்த வண்டில இருக்குன்னு காட்டுமாம்." தலையில் கை வைத்தார்கள். "ரெண்டு எண்ணுன்னா நூறு விதமா இருக்கும்ண்ணா."

நூறு.

பிறகு அவர்களே ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார்கள். "இருங்க. கடைசி எண் தெரியுதே. அது வரிசை எண் இல்ல. முன்னாடி இருக்கற பத்துக்கும் காவல் அது." எழுதிக்கொண்டே சொன்னார்கள். ரெண்டாவது, நாலாவது, ஆறாவது, எட்டாவது, பத்தாவது, இவற்றைக் கூட்டி மூன்றால் பெருக்க வேண்டும். மிச்சத்தை அப்படியே கூட்ட வேண்டும். எல்லாம் சேர்த்தால் பூஜ்யத்தில் முடிய வேண்டும். முடியாவிட்டால் அந்த எண்ணில் தப்பு இருக்கிறது.

நான் இத்தனை வருஷம் அந்த எண்களைக் கூட்டியிருக்கிறேன். அதற்குள் இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது.

"தெரிஞ்சத போட்டா அம்பத்தொம்போது வருது," என்றார்கள். "அழிஞ்சதுல மொத எண்ண அப்படியே எடுக்கணும். ரெண்டாவத மூணால பெருக்கணும். ரெண்டும் சேந்து ஒண்ணுல முடியணும். அப்பதான் பூஜ்யம் வரும்." கொஞ்ச நேரம் போட்டுப் பார்த்தார்கள். "அப்பவும் பத்து விதம் இருக்குண்ணா. பத்துமே எங்கயாவது ஓடற பெட்டியா இருக்கலாம். எத நிறுத்தச் சொல்றது?"

என்னிடம் ஒன்று இருந்தது. சொன்னால் பொய்யும் வெளியே வரும். மணி மூன்றே முக்கால்.

"கூட்டினா இன்னா வரும்னு எனக்குத் தெரியும் மேடம்."

"எதக் கூட்டினா?"

எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். அவர்கள் சிரிக்கவில்லை. முகம் மாறியது. "அது போதும்ண்ணா, அது ரொம்பப் போதும். எவ்ளோ வந்துச்சி?"

"எட்டு."

"நிச்சயமா? தப்பான பெட்டிய சொன்னா தப்பான வண்டிதான் நிக்கும். சரியானது ஓடிக்கினே இருக்கும். மேஸ்திரிய ஒரு வார்த்த கேட்டுக்கறேன்."

வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. தன் செல்லில் பாவாவைக் கூப்பிட்டு, சத்தம் வெளியே கேட்கிற மாதிரி மேசை மேல் வைத்தார்கள்.

"எட்டா? இன்னிக்கி எட்டே வர்ல மேடம். ஏழாவது பொட்டி ஒம்பது. எம் மச்சான்தான் கூட்னான். நான் பக்கத்துலயே இருந்தேன். இன்னா விசயம் மேடம்?"

அவர்கள் என்னைப் பார்த்தார்கள். ஒன்பது என்று வைத்துத் தாளில் போட்டார்கள். இரண்டு விடை வந்தது. அஞ்சும் ரெண்டும் ஒன்று. பூஜ்யமும் ஏழும் இன்னொன்று. இரண்டுமே பார்க்க நல்ல எண்கள். இரண்டுமே எங்கேயோ ஓடுகிற நல்ல பெட்டிகளாக இருக்கலாம். அவர்கள் கை ஆபீஸ் போனுக்குப் போனது.

"மேடம், அது எட்டு," என்றேன். "பாவா, நான்தான் பேசறேன். அது எட்டு. நான் பொய் சொன்னேன்."

செல்லில் அவருக்குப் பின்னால் ஒரு டிவி ஓடுவது கேட்டது.

"எத்தினி?" என்றார்.

"இன்னா பாவா?"

"எத்தினி எட்ட ஒம்பதுன்னு சொன்ன?"

"கணக்கு வெச்சிக்கல."

"ஒண்ணா? பத்தா?"

"ரெண்டு வருசமா."

"எந் தம்பி செத்தது உனுக்குத் தெரியும். நீதான் அவன மூட்ட அடிலேர்ந்து கால புடிச்சி இழுத்த." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பேன். "தெரிஞ்சே எங்கள ஏத்திகினு இருந்துகிற. நல்லா இர்றா."

வைத்துவிட்டார்.

கிளார்க் அம்மா தாளை என் பக்கம் திருப்பினார்கள். "ரெண்டு பேரும் போடுவோம். தப்பு வரக்கூடாது."

தெரிந்த ஒன்பது எண்ணையும் கூட்டினால் இருபத்தொன்பது. அதைக் கூட்டினால் பதினொன்று, அதுவும் கூட்டினால் இரண்டு. எட்டு வர ஆறு வேண்டும். ஆக அழிந்த இரண்டும் சேர்ந்து ஆறாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பதினைந்தாக இருக்க வேண்டும். இது எனக்கு நொடியில் வந்தது. என் வேலை அது. காவல் எண் வேலையை அவர்கள் பார்த்தார்கள்.

பூஜ்யமும் ஆறும். பதினெட்டு. ஒன்றில் முடியவில்லை. ஒன்றும் அஞ்சும், பதினாறு. இரண்டும் நாலும், பதினாலு. மூன்றும் மூன்றும், பன்னிரண்டு. நாலும் இரண்டும், பத்து. அஞ்சும் ஒன்றும், எட்டு. ஆறும் பூஜ்யமும், ஆறு. எதுவும் இல்லை. ஆறில் வருகிற ஏழு ஜோடியும் முடிந்துவிட்டது. நான் எட்டு என்று நினைத்ததே தப்போ. இரண்டு வருஷம் பொய் சொன்னவனுக்கு எது நிஜம் என்று எப்படித் தெரியும்?

பதினைந்துக்கு நாலு ஜோடிதான். ஆறும் ஒன்பதும், முப்பத்துமூன்று. ஏழும் எட்டும்.

"முப்பத்தொண்ணு," என்றார்கள்.

மிச்சம் இரண்டையும் போட்டார்கள். எட்டும் ஏழும், இருபத்தொன்பது. ஒன்பதும் ஆறும், இருபத்தேழு. பதினோரு ஜோடியில் ஒன்றுதான் நின்றது.

முழு எண்ணையும் முதலிலிருந்து இன்னொரு முறை போட்டார்கள். காவல் எண் சரி. நான் விரல் விட்டுக் கூட்டினேன். நாற்பத்துநாலு. எட்டு. போனில் ஒவ்வொரு எண்ணாக நிறுத்திப் படித்தார்கள். மூணு, ரெண்டு, நாலு, ஏழு, ஒண்ணு, அஞ்சு, ஏழு, எட்டு, மூணு, ஒண்ணு, மூணு.

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டுகிற சத்தம்.

"இருக்கும்மா. சென்னைப் பக்கம் போற வண்டி. கெளம்பி நாப்பது நிமிஷம் ஆச்சி."

மகள் வருகிற லைனுக்குப் பக்கத்து லைன்.

பிறகு காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மேசை மேல் போன் இருந்தது. சுவரில் கடிகாரம் இருந்தது. கிளார்க் அம்மா தண்ணீர் கொடுத்தார்கள். குடிக்காமல் டம்ளரை மேசை மேல் வைத்தேன். மகளுக்குப் போன் செய்து அந்த வண்டியில் ஏறாதே என்று சொல்லலாமா என்று நினைத்தேன். எந்த வண்டியில் ஏறச் சொல்வது? எல்லா வண்டியும் அதே லைன்தான். அவள் தப்பினால் மற்றவர்கள்?

அஞ்சு மணிக்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது. அவர்கள் எடுத்தார்கள். ஆங், ஆங் என்று மட்டும் சொன்னார்கள். அப்புறம் உட்கார்ந்தார்கள். அதுவரை நின்றுகொண்டே இருந்திருக்கிறார்கள், நான் கவனிக்கவில்லை.

"ஓரமா நிறுத்திப் பாத்துட்டாங்கண்ணா. நீங்க சொன்ன எடம்தான். விரல் நீளம் இல்ல இப்ப. ஒரு சாண்."

நான் என் கையை விரித்து ஒரு சாணைப் பார்த்தேன்.

அந்தப் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆறரைக்கு மகள் திருத்தணியில் இறங்கினாள். நான் பிளாட்பாரத்தில் நின்றேன். இன்னிக்கி இன்னா அதிசயமா வந்துகிற என்று கேட்டாள். சும்மா என்றேன்.

பாவா ஒரு வாரம் என்னைக் கூப்பிடவில்லை. அக்கா மட்டும் வந்தாள். "அவரு சாப்பிடவே மாட்டேங்கறாருடா. ஏண்டா இப்டி பண்ண?" என்றாள். அடுத்த சரக்கு வண்டி வந்த அன்று நானாகப் போனேன். முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவன், "வந்தாரு பாரு ஒம்பது," என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது.

பாவா முதல் பெட்டியைக் காட்டினார். "கூட்டு."

கூட்டினேன். என் நேரம், எட்டு.

"எட்டு," என்றேன்.

செல் வைத்திருந்த ஒருவனைப் பார்த்தார். அவன் கணக்குப் போட்டுப் பார்த்து, "எட்டுதாங்க மேஸ்திரி," என்றான். இனிமேல் நான் சொல்வதை இன்னொருவன் சரிபார்ப்பான். அது நியாயம்தான்.

எலுமிச்சம்பழம் அறுத்தார்கள். சூடம் ஏற்றினார்கள். சீட்டுப் போடுமுன் பாவா என்னிடம் திரும்பாமலே சொன்னார்.

"அடில போய்ப் பாரு."

செல்லில் லைட் போட்டுக்கொண்டு பெட்டிக்கடியில் தவழ்ந்தேன். நாலு பக்கமும் சட்டத்தைத் துடைத்து நகம் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெளியே வந்து சொன்னேன். ஏறினார்கள். அடுத்த பெட்டி மூன்று. அதற்கும் அடியில் போனேன். யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து எங்கள் பங்கில் வருகிற எல்லாப் பெட்டிக்கடியிலும் போகிறேன். பாவா இன்னும் என்னை மச்சான் என்று கூப்பிடுவதில்லை. "யோவ்" என்கிறார்.

விரிசல் ஏழில் இருந்திருக்கலாம், மூன்றில் இருந்திருக்கலாம். ஒன்பதுக்கு ஒரு வாய்ப்பில் எட்டில் இருந்தது. அது எனக்குத் தெரியும். பயம் அதில் இல்லை. இரண்டு வருஷம் ஒன்பது என்று சொல்லி ஏறின பெட்டிகளில் எதற்கடியிலும் நான் குனிந்து பார்த்ததில்லை. கொக்கி விழாமல் இருந்திருந்தால் இதையும் பார்த்திருக்க மாட்டேன். அந்தப் பெட்டிகள் எல்லாம் எங்கேயோ ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

இப்போது சாயங்காலம் சீக்கிரம் வந்தால் திருத்தணி பிளாட்பாரத்தில் மகளுக்காக உட்காருகிறேன். சில நாள் அவள் வண்டிக்கு முன்னால் ஒரு சரக்கு வண்டி நிற்காமல் போகும். பெஞ்சு ஆடும். எண்களைப் படிக்கப் பார்ப்பேன். வேகத்தில் பதினொன்றும் கிடைக்காது. மூன்று, நாலு கிடைக்கும். மிச்சத்தைப் பிடிப்பதற்குள் அடுத்த பெட்டி வந்துவிடும்.

போன வாரம் அவள் இறங்கி வந்தது எனக்குத் தெரியவில்லை. தோளைத் தொட்டாள்.

"இன்னா நைனா, வாய்க்குள்ளயே எண்ணிக்கினு கீற?"

"ஒண்ணுமில்ல," என்று எழுந்தேன். கடைசிப் பெட்டி சிக்னலைத் தாண்டிப் போய்விட்டதா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு அவளோடு நடந்தேன்.